நிறை எழுதாத அந்தக் கட்டம்: பெரிய பிள்ளை என்று ஸ்கான் சொன்ன ஒரு தாயின் பிரசவம்

இலங்கையின் வடக்கே, வன்னியில் ஒரு வைத்தியசாலையின் மகப்பேற்று வாட்டில் நான் மருத்துவ அதிகாரியாக இருந்தபோது, 2019 கடைசியில் நடந்தது இது. அந்தத் தாயிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிள்ளை பெரிது என்று ஸ்கானில் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி கிளினிக்கில் அடிக்கடி வருகிறது. டொக்டர்மாருக்கும் மருத்துவமாதுகளுக்கும் மட்டுமல்லாமல், வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவர்களுக்கும் விளங்குகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

அட்டையில் இருந்தது

வயது 31. மூன்றாவது கர்ப்பம். உயரம் 149 சென்ரிமீற்றர், முதல் கிளினிக்கில் நிறை 68 கிலோ. வீடு நெடுங்கேணிப் பக்கம், பிரதான வீதியை விட்டு உள்ளே. கணவர் நெல்லும் கச்சானும் செய்கிறவர்.

கர்ப்பவதி அட்டையில் முந்தைய பிரசவங்களுக்கான பகுதியில் இரண்டு வரிகள் இருந்தன. 2013ஆம் ஆண்டுக்கான வரி முழுமையாக இருந்தது: ஆண் பிள்ளை, 3.1 கிலோ, வைத்தியசாலை, சாதாரண பிரசவம். அதற்கு மேலே இருந்த வரியில் 2008, பெண் பிள்ளை, சாதாரண பிரசவம் என்று மட்டும் இருந்தது. நிறை எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருந்தது.

இங்கே வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் கோடு பழகிப்போன ஒன்று. போர் நடந்த 2008இலும் 2009இலும் பிள்ளை பெற்ற தாய்மாரிடம் பழைய அட்டை எங்கே என்று கேட்டால், எந்த ஊரில் எந்தப் பையோடு அது விடுபட்டது என்று சொல்வார்கள். அதைச் சொல்லும்போது அவர்களின் முகம் மாறும். அந்த முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டே நாங்கள் பலர் கேட்பதை விட்டுவிட்டோம். இந்தத் தாயை நான் அதற்கு முன் மூன்று தடவை பார்த்திருந்தேன். மூன்று தடவையும் 'முன்னைய பிரசவங்கள் இரண்டும் சாதாரணம்' என்றுதான் என் கையெழுத்தில் இருக்கிறது.

26ஆவது வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்துச் சீனி பார்த்தோம். வெறும் வயிற்றில் 98, ஒரு மணித்தியாலத்தில் 191, இரண்டு மணித்தியாலத்தில் 160. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வகுத்த அளவுகள் 92, 180, 153. அதில் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு என்று கணக்கு. இவருக்கு மூன்றுமே தாண்டியிருந்தன.

"சோறு குறைச்சிட்டன் டொக்டர்" என்று அடுத்த கிளினிக்கில் சொன்னார். உண்மையாகவே குறைத்திருந்தார். ஆனால் சீனி இறங்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தவர் அந்தப் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தர். வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். கச்சான் வேலை நாட்களில் தோட்டத்துக்கு ஒரு பெரிய பிளாஸ்க் தேத்தண்ணீர் போகும். கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி, விடியலில் இருந்து மத்தியானம் வரை நாலைந்து கோப்பை. குடிக்கிறதை யாரும் சாப்பாட்டோடு சேர்த்து எண்ணுவதில்லை. நாங்களும் சோறு, புட்டு, இடியப்பம் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தோம். தேத்தண்ணீர் வெறுந்தேத்தண்ணீர் ஆனது, 30ஆவது வாரத்தில் மெற்போமின் தொடங்கினோம். சாப்பாட்டுக்குப் பிந்திய சீனி சரியாக வந்தது. வெறும் வயிற்றுச் சீனி மட்டும் 95க்குக் கீழே நிலையாக இறங்கவில்லை.

தாயின் இரத்தத்தில் சீனி கூடினால் அது நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும். தாயின் இன்சுலின் போகாது. அதனால் பிள்ளை தன் சொந்த இன்சுலினைக் கூட்டிச் சுரக்கும். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு இன்சுலின் வளர்க்கிற சுரப்பு, அது கொழுப்பைச் சேர்க்கும். சேரும் இடந்தான் பிரச்சினை: வயிறு, நெஞ்சு, தோள். தலை அந்த அளவுக்குப் பெருக்காது. ஒரே நிறையுள்ள இரண்டு பிள்ளைகளில் நீரிழிவுள்ள தாயின் பிள்ளைக்குத் தோள் அகலமாக இருக்கும் என்பதை இனி வரும் எல்லாக் கணக்கிலும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

36ஆவது வார ஸ்கானில் 3.7 கிலோ. 38ஆவது வாரத்தில் 4.2 கிலோ, வயிற்றுச் சுற்றளவு வரைபடத்தின் மேல்கோட்டையும் தாண்டி. அடிவயிற்றெலும்பில் இருந்து கருப்பையின் உச்சி வரை அளவுநாடாவால் அளந்தபோது 42 சென்ரிமீற்றர். நம் நாட்டில் பிள்ளைகளின் சராசரி நிறை 3 கிலோவைச் சுற்றியே இருக்கிறது. அங்கே 4.2 என்றால் நேர்ஸ்மார் திரும்பிப் பார்ப்பார்கள். மகப்பேற்று நிபுணர் கொப்பியைப் பார்த்துவிட்டு, 39 வாரத்தில் வாட்டில் எடுத்து வலி வரவைக்கலாம், ஏற்கெனவே இரண்டு சுகப்பிரசவம் இருக்கிறதே என்றார். அன்று எங்களுக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் சரியான திட்டம்.

தண்ணீர்ப் போத்தல்

அந்த 38ஆவது வாரக் கிளினிக்குக்கு மூத்த மகளும் வந்திருந்தாள். மார்கழி விடுமுறை. அம்மாவின் பையைத் தூக்க வந்த பிள்ளை. நேர்ஸ் தாய்க்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார், நான் வாட்டில் சேரும் திகதியை எழுதிக்கொண்டிருந்தேன். வாங்கில் இருந்த பிள்ளை தண்ணீர்ப் போத்தலைத் திறந்து வலது கையால் குடித்தாள்.

முழங்கை பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு எழும்பியது. நாம் தண்ணீர் குடிக்கும்போது முழங்கை உடம்போடு ஒட்டித்தான் இருக்கும். இவளுக்கு, கோயிலில் சங்கு ஊதுகிறவரின் முழங்கை போல வெளியே விரிந்து நின்றது. எழுதுவதை நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கு பிள்ளை என்றேன். இடது கை காதைத் தொட்டது. வலது கை தோளுக்குச் சற்று மேலே போய் நின்றுவிட்டது. பிச்சை வாங்குவது போல உள்ளங்கையைத் திருப்பச் சொன்னேன், பாதிதான் திரும்பியது.

"எப்ப இருந்து அம்மா இவவுக்குக் கை இப்பிடி?"

"பிறந்ததில இருந்துதான் டொக்டர். முந்தித் தூக்கவே மாட்டாள், அப்பிடியே தொங்கும். பிறகு பிறகு சுகமாகிட்டுது. செல்லடிக்குப் பயந்த பிள்ளை, நரம்பு இழுத்திட்டுது எண்டு சனம் சொன்னது."

அதற்குப் பிறகுதான் கேட்டேன். ஏழு மாதத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டியது. கதிரையை இழுத்துப் போட்டு, பிள்ளை பிறந்த அன்று என்ன நடந்தது என்று முதலில் இருந்து சொல்லச் சொன்னேன்.

2008 மார்கழி. நவம்பரில் நிஷா புயல் மழை கொட்டித் தீர்த்த பிறகு எங்கும் சேறு. விசுவமடுப் பக்கம் தறப்பாள் கொட்டிலில் இருந்திருக்கிறார்கள். இரவு வலி வந்தது, வாகனம் இல்லை. பக்கத்துக் கொட்டிலில் இருந்த வயதான மருத்துவிச்சி ஒருவர் வந்தார். "தலை வந்திட்டு டொக்டர். உடம்பு வரேல்லை. தலை திருப்பி உள்ளுக்கை இழுபட்ட மாதிரி. அம்மம்மா ஒராள் வயித்தில ஏறி அமத்தினவா. மருத்துவிச்சி தலையைப் பிடிச்சு இழுத்தவா. எவ்வளவு நேரம் எண்டு தெரியாது. பிள்ளை நீலமாத்தான் வந்தது, பிறகு அழுதிட்டுது." நிறை தெரியாது. "ஆனா பெரிய பிள்ளை. பார்க்க வந்த ஆக்கள் மூண்டு மாசப் பிள்ளை மாதிரி எண்டவை."

அந்த மருத்துவிச்சியை நான் ஒரு சொல்லும் குறை சொல்ல மாட்டேன். விளக்கு வெளிச்சத்தில், சேற்றுத் தரையில், இரண்டு உயிரையும் காப்பாற்றிக் கொடுத்தவர் அவர். ஆனால் நடந்தது என்னவென்று எனக்கு விளங்கிவிட்டது. தோள் சிக்கியிருக்கிறது. தலையை ஒரு பக்கமாக இழுத்ததில் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகளில் மேல்பகுதி இழுபட்டிருக்கிறது. நாங்கள் 'சாதாரணம்' என்று மூன்று தடவை எழுதிய பிரசவம் அது.

தோள் சிக்குவது

பிள்ளையின் தலை வெளியே வந்த பிறகு, முன்பக்கத் தோள் தாயின் அடிவயிற்றெலும்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்வதுதான் இது. வெளியே வந்த தலை, ஆமை தலையை இழுப்பது போலத் தாயின் உடலோடு ஒட்டிப் பின்வாங்கும். தொப்புள்கொடி உள்ளே நசிபட்டிருக்கும். கையில் இருப்பது சில நிமிடங்கள்.

நடப்பது அரிது. பிரித்தானிய மகப்பேற்று வைத்தியர்களின் வழிகாட்டி தரும் கணக்கில் 1000 பிறப்புகளில் 6, 7 அளவு. அதில் கிட்டத்தட்டப் பாதி 4 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கே நடக்கிறது. அதாவது நிறையை மட்டும் பார்த்து முன்கூட்டியே பிடித்துவிட முடியாது. சிக்கிய பிள்ளைகளில் 100க்கு 2 முதல் 16 பேருக்குக் கை நரம்பு பாதிக்கப்படும், அவர்களிலும் பத்தில் ஒருவருக்குக் குறைவாகவே அது நிரந்தரமாகத் தங்கும். எங்கள் வாங்கில் இருந்த பிள்ளை அந்தச் சிறு எண்ணிக்கைக்குள் வந்துவிட்டாள். ஒரு தடவை தோள் சிக்கிய தாய்க்கு மறுபடி சிக்கும் வாய்ப்பு ஆய்வுக்கு ஆய்வு 100க்கு 1 முதல் 25 வரை மாறுகிறது. இவ்வளவு அகலமான எண்ணை வைத்துக்கொண்டு தாய்க்கு என்ன சொல்வது என்று கேட்டால், நியாயமான கேள்வி. ஆனால் முதல் பிரசவத்தின் கதை தெரியாதபோது நாங்கள் நினைத்திருந்த அளவை விடக் கூடுதல் என்பது மட்டும் உறுதி.

2013இல் 3.1 கிலோப் பிள்ளை சுகமாகப் பிறந்ததே என்று வாட்டில் ஒருவர் கேட்டார். 3.1 கிலோ வந்த வழியால் 4.2 கிலோவும் வரும் என்பதற்கு அது சாட்சி ஆகாது. பெரிய பிள்ளை ஒன்று இந்த இடுப்பெலும்புக்குள்ளால் வந்தபோது என்ன நடந்தது என்பதற்குத்தான் எங்களிடம் சாட்சி இருந்தது. பதினொரு வயதுச் சாட்சி.

4.2 என்ற எண்

ஸ்கானில் பிள்ளையை யாரும் தராசில் வைப்பதில்லை. தலை, வயிற்றுச் சுற்றளவு, தொடையெலும்பின் நீளம் ஆகியவற்றை அளந்து ஒரு சூத்திரத்தில் போட்டு நிறையை ஊகிக்கிறோம். பத்து, பதினைந்து வீதம் அங்கே இங்கே போகும். பிள்ளை பெரிதாகப் பெரிதாகப் பிழையும் பெரிதாகும். 4.2 என்றால் 3.6ஆகவும் இருக்கலாம், 4.8ஆகவும் இருக்கலாம். தாய்மாரிடம் "உங்கட பிள்ளை 4.2 கிலோ" என்று சொல்வதை நான் அதற்குப் பிறகு நிறுத்திவிட்டேன். "மூன்றரைக்கும் நாலே முக்காலுக்கும் இடையில, அனேகமா நாலைச் சுற்றி" என்றுதான் சொல்கிறேன்.

அமெரிக்க மகப்பேற்று வைத்தியர்களின் கல்லூரி, நீரிழிவு இல்லாத தாய்க்கு 5 கிலோவும் நீரிழிவுள்ள தாய்க்கு 4.5 கிலோவும் மதிப்பிடப்பட்டால் முன்கூட்டிய சிசேரியனைப் பற்றி யோசிக்கலாம் என்கிறது. பிரித்தானிய வழிகாட்டியும் நீரிழிவுள்ளவர்களுக்கு 4.5 என்றே சொல்கிறது. இந்த எல்லைகள் ஏன் இவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்பதற்கு 1996இல் அமெரிக்காவில் போட்ட ஒரு கணக்கு நல்ல பதில் தருகிறது. நீரிழிவு இல்லாத தாய்மாரில் 4.5 கிலோவுக்கு மேல் என்று ஸ்கான் சொன்ன எல்லோருக்கும் சிசேரியன் செய்தால், ஒரு பிள்ளையின் நிரந்தரக் கை ஊனத்தைத் தடுக்க 3,695 தாய்மாரை வெட்ட வேண்டும். நீரிழிவுள்ளவர்களில் அந்த எண்ணிக்கை 443. ஸ்கானில் பெரிய பிள்ளை என்றதுமே "வெட்டிடுங்கோ டொக்டர்" என்று பயந்துபோய் வரும் 22 வயதுப் பெண்ணுக்கு நான் இந்த எண்களைத்தான் சொல்வேன். சீனி இல்லை, 4.1 கிலோ, முதல் பிள்ளை என்றால் சிசேரியன் வேண்டாம் என்றுதான் என் கருத்து. வெட்டிய கருப்பையோடு அவருக்கு இன்னும் இரண்டு, மூன்று பிள்ளைகள் இருக்கலாம். அடுத்தடுத்த கர்ப்பங்களில் நச்சுக்கொடி தழும்பில் இறங்கி ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஒவ்வொரு சிசேரியனோடும் ஏறும். அப்படி ஒட்டிய நச்சுக்கொடி இரத்தம் கொட்டும்போது, மழைக்காலத்தில் நெடுங்கேணியிலோ துணுக்காயிலோ இருப்பவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

வலி வரவைப்பது, சிசேரியனுக்கும் தானாக வலி வரும்வரை விடுவதற்கும் நடுவில் உள்ள வழி, பிள்ளை இன்னும் பெருக்க முன் பெற வைப்பது. 2015இல் ஐரோப்பாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் 37, 38ஆவது வாரத்தில் வலி வரவைத்தவர்களில் தோள் சிக்குவதும் அதனால் வரும் காயங்களும் 6 வீதத்தில் இருந்து 2 வீதமாகக் குறைந்தன. 2025இல் பிரித்தானியாவில் சுமார் 2,900 தாய்மாரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வந்தது: தோள் சிக்கியது வலி வரவைத்தவர்களில் 2.3 வீதம், வழமைப்படி விட்டவர்களில் 3.1 வீதம். அந்த வித்தியாசம் உறுதியானது என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் வழமைப்படி விட்டவர்களிலும் பலர் நேரத்தோடு பெற்றுவிட்டார்கள். அந்த ஆய்வில் நீரிழிவுள்ள தாய்மாரைச் சேர்க்கவில்லை. எங்கள் தாயின் கேள்விக்கு நேரான பதில் அதிலும் இல்லை.

எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் இவர் 4.5ஐத் தொடவில்லை, ஆகவே சிசேரியன் இல்லை, வலி வரவைக்கலாம். ஆனால் அந்த 4.5 வேறு நாட்டுத் தாய்மாரின் உடம்பை வைத்து வந்த எண். இவர் 149 சென்ரிமீற்றர். சீனி முழுதாகக் கட்டுப்படவில்லை. முதல் பிள்ளைக்குத் தோள் சிக்கியிருக்கிறது. இத்தனையும் ஒன்றாக வரும்போது எந்தச் சூத்திரமும் முடிவு சொல்லாது. அந்தத் தாயோடு உட்கார்ந்து கதைப்பது ஒன்றுதான் வழி.

இங்கே ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். ஸ்கொட்லாந்தில் 1999இல் நீரிழிவுள்ள, உயரம் குறைந்த ஒரு தாய்க்கு, பிள்ளை பெரிது என்று தெரிந்தும் தோள் சிக்கக்கூடும் என்பதை வைத்தியர் சொல்லவில்லை. சொன்னால் தாய்மார் சிசேரியன் கேட்பார்கள் என்பது காரணம். நீரிழிவுள்ள தாய்மாருக்கு அந்த வாய்ப்பு 9, 10 வீதம். பிரசவத்தில் தோள் சிக்கியது, பிள்ளை கடும் பாதிப்போடு பிறந்தது. 2015 மார்ச்சில் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம், மொன்ட்கோமரி வழக்கு என்று எல்லோரும் அறிந்த தீர்ப்பில், அதைத் தாய்க்குச் சொல்லியிருக்க வேண்டும் என்றது. அது அங்கத்தைய சட்டம். ஆனால் அதற்குள் இருக்கிற கேள்வி எங்கள் கிளினிக்கிலும் அதே கேள்விதான்: தன் உடம்புக்கும் தன் பிள்ளைக்கும் நடக்கக்கூடியதை அந்தப் பெண்ணுக்குச் சொன்னோமா?

மாமியும் கணவரும் அவரும்

அடுத்த நாள் மூன்று பேரையும் வரச் சொன்னேன். மாமி முதலே சொல்லிவிட்டார்: "வெட்டினா பிறகு ஒரு வேலையும் செய்யேலாது டொக்டர். ஊசி போட்டதில இருந்து நாரி நோ எண்டு படுத்திருக்கிற ஆக்கள் எங்கட ஊரில எத்தினை பேர்." கணவர் "எது நல்லது எண்டு நீங்களே சொல்லுங்கோ டொக்டர்" என்றார். அந்தத் தாய் மட்டும் பேசவில்லை.

நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். சாதாரண பிரசவத்துக்குப் போனால் 100 பேரில் 90 பேர் அளவுக்குத் தோள் சிக்காமலே வரும், உங்களுக்கு முதலும் சிக்கியிருப்பதால் அது இன்னும் சற்றுக் குறையலாம். சிக்கினாலும் முறையாகச் செய்தால் அனேகமான பிள்ளைகள் காயமில்லாமல் வந்துவிடுவார்கள். ஒரு சிலருக்கு அக்காவுக்கு வந்த மாதிரிக் கை வரும். மிகச் சிலருக்கு மூச்சு முட்டி அதை விடப் பெரிய பாதிப்பு வரும். சிசேரியன் என்றால் தோள் சிக்குகிற பயம் கிட்டத்தட்ட இல்லை. அதற்குப் பதிலாக இரத்தம் போவது, காயத்தில் கிருமி, காலில் இரத்தம் கட்டுவது, ஆறு கிழமைக்குப் பாரம் தூக்க முடியாமை. சீனி உள்ளவர்களுக்குக் காயம் ஆற நாள் எடுக்கலாம். நாரி நோவைப் பற்றி மாமிக்குத் தனியாகச் சொன்னேன்: விறைக்கவைக்க முதுகில் ஊசி போட்ட இடம் சில நாள் நோகும், பிள்ளை பெற்ற எல்லோருக்கும், வெட்டாதவர்களுக்கும், நாரி நோகிறது, தூக்கிச் சுமப்பதும் குனிந்து பால் கொடுப்பதும் பெரிய காரணம். மாமி முழுதாக நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் அந்தத் தாய் கேட்டார். "வெட்டினா நோ எனக்குத்தானே டொக்டர்? மாட்டினா பிள்ளைக்கெல்லோ?"

அப்படி நேர்கோடாகப் பிரிக்க முடியாது, தோள் சிக்கினால் உங்களுக்கும் கிழியலாம், இரத்தம் போகலாம் என்றேன். கேட்டுக்கொண்டார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் வாசலில் தம்பியோடு நின்றாள்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது. இதற்குப் பிறகும் பிள்ளை வேண்டுமா? "இதோட காணும்" என்று கணவனும் மனைவியும் ஒன்றாகச் சொன்னார்கள். எல்.ஆர்.ரி., அதாவது இனிப் பிள்ளை தங்காமல் கருக்குழாயைக் கட்டும் சத்திரசிகிச்சை, செய்துகொள்ள ஏற்கெனவே யோசித்திருந்தார்களாம். எனக்கு அந்த இடத்தில்தான் முடிவு தெளிந்தது. சிசேரியனின் நீண்டகாலப் பாரத்தில் பெரும்பகுதி அடுத்த கர்ப்பங்களில் விழுகிறது. அடுத்த கர்ப்பம் இல்லையென்றால் தராசு வேறு பக்கம் சாய்கிறது. ஆனால் சிசேரியனோடு சேர்த்துச் செய்யலாம் என்ற வசதிக்காக யாரும் குழாய் கட்டக்கூடாது. அதனால் மறுநாள் வாட்டில் அவரைத் தனியாக வைத்து மறுபடி கேட்டேன். அதே பதில்.

நிபுணரிடம் மகளின் கையையும் காட்டினேன். அவர் பிள்ளையின் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கொப்பியில் இருந்த தன் திட்டத்தைத் தானே வெட்டி எழுதினார்: 39 வாரம் முடிந்ததும் சிசேரியன். அதற்கு முன் செய்தால் பிள்ளைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்புக் கூடும்.

வீட்டுக்கு அனுப்பவில்லை. 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருந்தது. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், ஆனால் இரவில் யானை நிற்கிற ஒழுங்கையில் எவ்வளவு நேரத்தில் வரும் என்பதை யாரும் உறுதி சொல்ல முடியாது. வாட்டில் இருக்கும்போதே வலி வந்து, தியேட்டருக்குப் போக முன் பிள்ளை இறங்கிவிட்டால்? அதற்கும் ஆயத்தம் வேண்டும். அன்று பின்னேரம் லேபர் றூமில் பொம்மையை வைத்து எல்லோரும் செய்து பார்த்தோம். தாயின் இரண்டு முழங்காலையும் மடித்து வயிற்றோடு நன்றாகச் சேர்த்துப் பிடிப்பது முதல் வேலை. பெரும்பாலான தோள்கள் இதிலேயே விடுபட்டுவிடும். அதோடு ஒருவர் அடிவயிற்றெலும்புக்கு மேலே, பிள்ளையின் முதுகுப் பக்கமிருந்து உள்ளங்கையால் அமத்த வேண்டும். வராவிட்டால் கையை உள்ளே விட்டுத் தோளைத் திருப்புவது, பின்பக்கக் கையை எடுப்பது, தாயை நாலு காலில் நிற்கவைப்பது. வயிற்றின் மேற்பக்கத்தை யாரும் தொடக்கூடாது, அது தோளை எலும்போடு இன்னும் இறுக்கும். தலையை இழுக்கக் கூடாது. நேரத்தைச் சத்தமாகச் சொல்ல ஒராள். இளைய நேர்ஸ் ஒருவருக்கு அமத்தும் இடம் பிழைத்துக்கொண்டே இருந்தது. என் வயிற்றில் அவரது கையை வைத்துக் காட்டினேன், அதன் பிறகு பிழைக்கவில்லை.

பிறப்பு

அந்த ஆயத்தம் தேவைப்படவில்லை. 39 வாரம் முடிந்த மறுநாள் காலை தியேட்டர். முதுகில் ஊசி. பெண் பிள்ளை, பிறந்த உடனே அழுதாள். 3.92 கிலோ. தலைச் சுற்றளவு 35 சென்ரிமீற்றர், நெஞ்சு 37. வழமையாக, பிறந்த பிள்ளைக்குத் தலை நெஞ்சை விடப் பெரிதாக இருக்கும். இரண்டு கையையும் விரித்து மடக்கினாள். நான் இரண்டு தடவை பார்த்தேன்.

முதல் மணித்தியாலத்துக்குள் பால் கொடுத்தோம். தாயின் சீனிக்குப் பழகிய பிள்ளையின் உடம்பு பிறந்த பிறகும் இன்சுலினைக் கூட்டியே சுரக்கும், சீனி சடாரென்று இறங்கலாம். குதியில் குத்திப் பார்த்தபோது 41. மறுபடி பால் கொடுத்துப் பார்த்தோம், 58. அதற்குப் பிறகு இறங்கவில்லை. தாய்க்குக் காயம் நன்றாக ஆறியது.

மூன்றாம் நாள், பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"மூண்டு தொளாயிரந்தானே டொக்டர். வெட்டாமலே பெத்திருக்கலாமோ?"

"பெத்திருக்கலாம் அம்மா" என்றேன். பெற்றிருக்கலாம் என்பதுதான் உண்மை. ஸ்கான் கூடச் சொல்லியிருந்தது. 3.92 கிலோவோடு தோள் சிக்காமலே அந்தப் பிள்ளை வந்திருக்க வாய்ப்பு அதிகம். சிசேரியன் செய்ததால்தான் கை தப்பியது என்று நான் சொல்லியிருந்தால் அவர் சந்தோசமாகப் போயிருப்பார், ஆனால் அது எனக்குத் தெரியாத ஒன்று. அவரும் நானும் முதல் நாள் தெரிந்ததை வைத்துத்தான் முடிவெடுத்தோம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் திருப்பியும் இதைத்தான் சொல்லியிருப்பன்" என்றார்.

மூத்த மகளை உரிய இடத்துக்கு அனுப்பினோம். நரம்பைத் தைக்கும் சத்திரசிகிச்சைக்கு முதல் வருடத்துக்குள் வந்திருக்க வேண்டும், அந்தக் காலம் எப்போதோ போய்விட்டது. மூட்டு இறுகாமல் இருக்கப் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு தசைநாரை மாற்றி வைக்கும் சிகிச்சை. அட்டையில் 2008ஆம் ஆண்டு வரியைத் திருத்தி எழுதினேன்: தலைக்குப் பிறகு உடல் வரத் தாமதம், வலது கை நரம்புப் பாதிப்பு, நிறை தெரியாது, பெரிய பிள்ளை. கிளினிக்கில் இப்போது நாங்கள் 'எப்படிப் பிறந்தது' என்று கேட்டுச் 'சுகப்பிரசவம்' என்ற பதிலோடு விடுவதில்லை. தலை வந்த பிறகு உடம்பு உடனே வந்ததா, பிள்ளை இரண்டு கையையும் ஆட்டியதா, எத்தனை மாதத்தில் கையைத் தூக்கியது என்று கேட்கிறோம். கூட வந்த பிள்ளையைக் கூப்பிட்டுக் கையைத் தூக்கவும் சொல்கிறோம்.

ஆறு கிழமை கழித்துத் தாய்க்கு மறுபடி குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்தபோது வெறும் வயிற்றில் 104. நீரிழிவு இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறார். கர்ப்பத்தில் சீனி வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களை விட ஏழு மடங்குக்கும் மேல் என்பதால் வருடாவருடம் பார்க்கச் சொன்னேன். அவர் வருகிற நாளையும் மகளின் பிசியோதெரப்பி நாளையும் ஒன்றாக்கிக் கொடுத்தோம், ஒரே பஸ் காசில் முடியட்டும் என்று.